சரிபார்க்கப்படாத மனைவி

எதிரி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நம் ராணுவத்துக்கு நன்றாகத் தெரியும். விருந்தாளி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தெரிந்ததைத்தானே யாரும் செய்ய முடியும்? விருந்தாளி வந்தபோதும் அது எதிரிக்குச் செய்வதையே செய்தது. இதில் ராணுவத்தின் மேல் எனக்கு வருத்தமில்லை. விருந்துக்கு அழைக்கச் சொல்லி அதற்கு யோசனை கொடுத்த டில்லிக்காரர்கள் மேல்தான் வருத்தம்.

பம்பாய்க்கு வடக்கே, ஓர் உப்பங்கழியைப் படகில் தாண்டிப் போனால் ஒரு கடற்கரை வரும். அதன் பெயர் ராணுவ ரகசியம், நான் சொல்வதற்கில்லை. தாதர் ஸ்டேஷனில் எந்தக் கூலியைக் கேட்டாலும் வழி சொல்வான். அங்கே ராணுவம் ஓர் ஓய்வு முகாம் நடத்தி வந்தது. பாகிஸ்தானோடு சண்டை முடிந்த அடுத்த வருஷம், போருக்காக உழைத்த பொதுஜனங்களையும் கௌரவிக்க வேண்டும் என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றிவிட்டது. பிஸ்கட் சுட்டவர்கள், துணி நெய்தவர்கள், தோல் தைத்தவர்கள் என்று பொறுக்கியெடுத்துக் குடும்பத்தோடு ஒரு வாரம் வந்து தங்கச் சொன்னார்கள். சிப்பாய்களுக்கு இடுப்புவார் தைத்துக் கொடுத்த வகையில், தாராவியில் நாகூர் மீரானின் தோல் பட்டறைக்கும் ஓர் அழைப்பு வந்தது.

மீரான் அதைத் தனசீலனிடம் நீட்டினார்.

"நீ போயிட்டு வால."

"மொதலாளி, நீங்க போகலியா?"

"காயல்பட்டணத்துல பொறந்துட்டு நான் எதுக்குலே கடலப் பாக்கப் போறேன்? கல்யாணமான பய ஒருத்தன் வலியவந்து ராத்திரி ஷிப்டு கேக்கான்னா, என்ன சங்கதின்னு எனக்கு வெளங்காதா? பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டுப் போ."

மீரானுக்கு விளங்கிய சங்கதி இதுதான். தனசீலனுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகப் போகிறது. பெண் நாசரேத் பக்கம், ஏஞ்சலம்மாள் என்று பெயர். தாராவியில் அவன் குடியிருந்தது ஒற்றை அறை, கோலி என்பார்கள். அந்தக் கோலிக்குள் அப்பா, அம்மா, தம்பிகள், புருஷனோடு கோபித்துக்கொண்டு வந்த அக்கா, அக்காவின் பிள்ளைகள், ஊரிலிருந்து வேலை தேடி வந்து இன்னும் தேடிக்கொண்டே இருக்கிற மாமன் மகன் எல்லோரும் அடக்கம். புது ஜோடிக்கென்று மூலையில் ஒரு பழைய சேலையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். சேலைக்கு இந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்டால் அந்தப் பக்கம் மாமியார் இருமுவாள். மாமன் மகனுக்கு உடனே தாகம் எடுக்கும். தண்ணீர்ப் பானை சேலைக்குப் பின்னால்தான் இருந்தது.

மனம் வெறுத்துத்தான் தனசீலன் ராத்திரி ஷிப்டு வாங்கிக்கொண்டான். புருஷனும் பெண்டாட்டியும் ஒரு பேச்சை ஆரம்பித்து முழுசாக முடித்தது என்பது அந்த ஒரு வருஷத்தில் கிடையாது. பாவம், அவர்கள் அரண்மனைக்கா ஆசைப்பட்டார்கள்? ஒரு கதவு வேண்டும். அதைச் சாத்த வேண்டும். சாத்திய பிறகு யாரும் தட்டக் கூடாது. அவ்வளவுதான்.

"தனி ரூமு குடுப்பானாம் ஏளா" என்றான் படகில்.

"கதவு உண்டுமா?"

"மிலிட்டரிக்காரன் கதவு இல்லாமலா கட்டிருப்பான்?"

கதவு இருந்தது. முகாமின் வாசலிலேயே இருந்தது. அதற்கு முன்னால் ஒரு மேஜை போட்டு ஒரு கேப்டன் உட்கார்ந்திருந்தார். மொழிபெயர்க்க ஹவில்தார் பிரம்மநாயகம் பக்கத்தில் நின்றார். அவர் அம்பாசமுத்திரத்துக்காரர். ஜோடியாக வருகிறவர்கள் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அடையாளம் காட்ட வேண்டும் என்பது முகாமின் விதி. தனசீலன் ஒரே மூச்சில், "ஏஞ்சலம்மாள், என் சம்சாரம்" என்றான். அடுத்து அவளுடைய முறை.

"ஒங்க வீட்டுக்காரரு பேரச் சொல்லுங்கம்மா" என்றார் பிரம்மநாயகம்.

ஏஞ்சலம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பெயர் தெரியாதாமா?" என்று கேப்டன் கேட்டார்.

"தெரியும். சொல்ல மாட்டேன்" என்றாள் ஏஞ்சலம்மாள்.

"ஒரேயொரு தடவ சொல்லிருங்க தாயி. எனக்கு வெளங்குது, இவருக்கு வெளங்காது."

"பேரச் சொன்னா அவியளுக்கு ஆயுசு கொறையும்ணே. நான் ஜெபத்துலகூடச் சொன்னதில்ல. என் வீட்டுக்காரவியள ஆசீர்வதியும்னுதான் கேப்பேன். அது யாரு எவருன்னு ஆண்டவரே கேட்டதில்ல, இவரு கேக்காரு."

பிரம்மநாயகம் இதில் தமக்குத் தைரியம் இருந்த அளவுக்கு மொழிபெயர்த்தார். கேப்டன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பெயர் தெரியும், சொல்ல மாட்டேன் என்கிறாள். எதிரியிடம் பிடிபட்டால் எப்படி வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று நம் ஆட்களுக்கு மாதக்கணக்கில் பயிற்சி கொடுக்கிறேன். ஒரு அதட்டல் போட்டால் மாமனார் பெயர்வரைக்கும் சொல்லிவிடுகிறான்கள். இவளைப் பாருங்கள். இவளுக்குப் பயிற்சி கொடுத்தது யார்?"

"யாரும் குடுக்கல சார், அவ அம்மா சொல்லிக் குடுத்தது" என்றான் தனசீலன்.

கேப்டன் 'அம்மா' என்று எழுதி அதன் கீழே இரண்டு கோடு போட்டார். ஏஞ்சலம்மாள் அன்று முதல் முகாமின் கணக்கில் 'சரிபார்க்கப்படாத மனைவி' ஆனாள். சரிபார்த்து முடியும் வரை அவளுக்குப் பெண்கள் கொட்டடி, அவனுக்கு ஆண்கள் கொட்டடி. நடுவில் ஒரு கைப்பந்து மைதானமும் முள்வேலியும் இருந்தன. தாராவியில் இருவருக்கும் இடையே ஒரு மாமியாரின் இருமல்தான் இருந்தது என்பதைத் தனசீலன் அன்று இரவு நன்றியோடு நினைத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் விருந்தாளிகளை வரிசையாக நிறுத்தி, முகாமின் தலைவர் கர்னல் மல்கானி வரவேற்புரை ஆற்றினார். மீசையும் குரலும் ஒரே அளவில் முறுக்கியிருந்த மனிதர்.

"இந்தக் கடற்கரை நமக்குச் சும்மா கிடைத்ததல்ல. அறுபத்திரண்டில் சீனாக்காரன் இமயமலையில் இறங்கினான். உடனே நாம் இந்தக் கடற்கரையைக் கைப்பற்றினோம். அப்போது இங்கே மீனவர்கள் இருந்தார்கள். எதிர்ப்பு கடுமையாக இருந்தது, குறிப்பாகப் பெண்களிடமிருந்து. முடிவில் வெற்றி நமக்கே. அன்று முதல் ஒரு சீனன்கூட இங்கே கால் வைத்ததில்லை. சாப்பாட்டில் மீன் ஏன் டப்பாவிலிருந்து வருகிறது என்று நேற்று ஒருவர் கேட்டாராம். கடலில் மீன் நிறைய இருக்கிறது. பிடிக்கத் தெரிந்தவர்களை நாம் அப்புறப்படுத்திவிட்டோம். டப்பா மீன் டில்லியிலிருந்து வருகிறது, தரமானது. இன்னொன்று. ஓய்வு வேறு, சோம்பல் வேறு. சோம்பலை அவரவர் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஓய்வு எடுத்தே தீர வேண்டும். எடுக்காதவர்கள் மேல் நடவடிக்கை உண்டு."

விருந்தாளிகள் கைதட்டினார்கள். எப்போது நிறுத்த வேண்டும் என்பதற்கு விசில் ஊதினார்கள்.

அன்றிலிருந்து ஓய்வு ஆரம்பமாயிற்று. காலையில் கடல் பார்த்தல். சிமெண்டு மேடையில் எல்லோரும் வரிசையாக நிற்க, நாயக் பதவியில் இருந்த ஒருவர் "கடலை நோக்கிப் பார்" என்று கத்துவார். பார்க்க வேண்டும். "பார்வை திருப்பு" என்பார். திருப்பிவிட வேண்டும். பிஸ்கட் கம்பெனிக்காரர் ஒருவர் திருப்பிய பிறகும் ஓரக்கண்ணால் பார்த்ததற்கு அவரை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார்கள். மத்தியானம் ஓய்வு நேரம், அதில் ஓய்வுப் பரிசோதனை. எல்லோரும் கட்டிலில் படுத்திருக்க வேண்டும். கேப்டன் உள்ளே நுழைந்ததும் எழுந்து விறைப்பாக நின்று, "ஓய்வெடுக்கிறோம் சார்" என்று ஒரே குரலில் சொல்ல வேண்டும். குரல் பிசிறினால் திரும்பப் படுத்து, திரும்ப எழுந்திருக்க வேண்டும்.

மணலில் மட்டும் கால் வைக்கக் கூடாது. சிப்பாய்கள் தினம் விடியற்காலையில் கடற்கரை மணல் முழுவதையும் இரும்பு வாரியால் கோடு கோடாக வாரி, உழுத வயல் மாதிரி ஆக்கி வைத்திருந்தார்கள். பிரிகேடியர் எந்த நிமிஷமும் பார்வையிட வரலாம், அவர் வந்து பார்த்துவிட்டுப் போகும் வரை கோடு கலையக் கூடாது. அவர் வரப்போவதாகத் தகவல் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மணலை மிதிக்காமல் கடலுக்குப் போக முடியாதே, கடல் குளியலுக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். ராணுவத்துக்கு வழியா இல்லை? கழி வழியாகப் படகில் போய்க் கடல் நீரைப் பீப்பாயில் மொண்டு வந்து, கொட்டடிக்குப் பின்னால் ஒரு தொட்டியில் நிரப்பினார்கள். அதில் முழங்கால் ஆழத்துக்கு மேல் இறங்கினால் மூழ்கும் அபாயம் என்று சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள்.

தனசீலன் சாப்பாட்டுக் கூடத்தில் மட்டும் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் எதிர் வரிசையில் தட்டோடு உட்கார்ந்து, டப்பா மீனைப் பார்த்துக் கண்கலங்கினாள். ஒரு வாரத்தில் பாதி போய்விட்டது. இனி எந்த ஜென்மத்தில் இப்படி ஒரு லீவு கிடைக்கப் போகிறது? கை கழுவும் இடத்தில் அவள் பக்கமாகப் போய், "பரிசோதன முடிஞ்சதும் மணலுக்கு வா. அங்கதான் ஒரு பயலும் வரமாட்டான்" என்றான்.

அப்படியே வந்தாள். சமையற்கட்டின் பின்பக்கமாக இறங்கி இருவரும் மணலில் நடந்தார்கள். மீனவர்கள் விட்டுப்போன உடைந்த படகு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதன் நிழலில் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் இரண்டு பேருக்கும் பேச்சே வரவில்லை. அக்கம்பக்கத்தில் யாராவது இருந்தே பழகிவிட்டது.

"இந்தாருங்க, ஒண்ணு கேக்கணும்" என்றாள் ஏஞ்சலம்மாள்.

"கேளு."

"என்னியப் பொண்ணு பாக்க வந்தப்ப, காப்பி வாங்கும்போது என்னத்துக்குச் சிரிச்சிய?"

தனசீலன் அவளையே பார்த்தான். இதை ஒரு வருஷமாக மனசுக்குள் வைத்துக்கொண்டு, கேட்க இடமில்லாமல் இருந்திருக்கிறாள். "அது வந்து ஏளா…" என்று அவன் ஆரம்பிக்கும்போது அபாயச் சங்கு ஊதியது.

கர்னல் மல்கானி அன்று மாலையே விசாரணை மன்றம் கூட்டினார். கேப்டன் அறிக்கை வாசித்தார்.

"மணலில் இரண்டு ஜோடிக் கால்தடங்களைக் கண்டேன். ஒன்று பெரியது, ஒன்று சிறியது. ஆரம்பத்தில் அவற்றுக்கு இடையே ஒரு முழ இடைவெளி இருந்தது. படகை நெருங்க நெருங்க இடைவெளி குறைந்தது. எதிரி கரையிறங்கிவிட்டதாக முடிவு செய்து முகாம் முழுவதற்கும் எச்சரிக்கை கொடுத்தேன். தடம் கடலிலிருந்து வரவில்லை, சமையற்கட்டிலிருந்து வந்தது என்பது பிற்பாடு தெரிந்தது."

"மணலில் இப்போது நூற்றுக்கணக்கில் தடம் இருக்கிறதே?" என்றார் கர்னல்.

"எச்சரிக்கை கேட்டு ஓடிய நம் சிப்பாய்களுடையவை சார். அவை உத்தியோகத் தடங்கள்."

கர்னல் திருப்தியடைந்து தனசீலன் பக்கம் திரும்பினார். "இவள் உன் மனைவி என்றால் இது ஒழுங்கீனம். முகாமுக்குள்ளேயே தண்டித்துவிடலாம். மனைவி இல்லையென்றால் ஒழுக்கக்கேடு. உன்னைப் போலீசில் ஒப்படைப்பேன். உன் பட்டறைக்கு இனி ஆர்டரும் கிடையாது. ஒழுக்கமில்லாதவன் தைத்த வாரை நம் ராணுவம் இடுப்பில் கட்டாது."

பிரம்மநாயகம் இதைத் தமிழில் சொன்னார். அந்த ஆர்டரை நம்பித்தான் பட்டறையே நடந்தது.

"அவ சொல்லலேன்னாலும் அவ என் பொண்டாட்டிதான் சார்" என்றான். "வேண்டாம் ஏஞ்சலு, நீ சொல்லாண்டாம். போலீசுன்னா போலீசு."

ஏஞ்சலம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். "ஆண்டவரே, ஆயுசக் கொறைக்கணும்னா என் ஆயுசுல கொறைச்சுக்கிடும்" என்றாள். பிறகு கண்ணைத் திறந்து, கர்னலை நேராகப் பார்த்து, "தனசீலன். என் வீட்டுக்காரவிய பேரு தனசீலன்" என்றாள்.

அவளுடைய வாயால் தன் பெயரை அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. அத்தனை பேர் முன்னால் அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் கேப்டன் எழுந்தார். "வாசலில் சொல்லாத பெயர் இன்று எப்படித் தெரிந்தது? இடையில் இருவரும் ரகசியமாகச் சந்தித்திருக்கிறார்கள். இவன் தன் பெயரை அப்போது சொல்லிக்கொடுத்திருக்கலாம் அல்லவா?"

கர்னல் யோசனையில் ஆழ்ந்தார். பிரம்மநாயகத்துக்குப் பொறுக்கவில்லை. "சார், எங்கள் ஊர் வழக்கம் எனக்குத் தெரியும். புருஷன் பெயரைச் சொல்லாதவள்தான் மனைவி. வாசலில் அவள் சொல்ல மறுத்ததே அத்தாட்சி" என்றார்.

"அப்படியானால் இப்போது சொல்லிவிட்டாளே" என்றார் கர்னல். "இப்போது மனைவி இல்லை என்றாகிறதா?"

கடைசியில் கர்னலே அதற்குத் தீர்வு கண்டார். "குற்றம் நடந்தபோது அவள் பெயரைச் சொல்லியிருக்கவில்லை. ஆகவே குற்றம் நடந்த நேரத்தில் மனைவிதான். வெறும் ஒழுங்கீனம். இருவருக்கும் மூன்று நாள் கார்டு ரூம் சிறை."

"தனித்தனியாகவா சார்?" என்று பிரம்மநாயகம் கேட்டார்.

"விருந்தாளிகளை எப்படி வேண்டுமானாலும் பிரிக்கலாம். கைதிகளில் கணவன் மனைவியைப் பிரிக்கக் கூடாது, வெள்ளைக்காரன் காலத்து விதி. ஒன்றாகவே பூட்டுங்கள்."

கார்டு ரூம் கடலோரமாக ஒரு மேட்டில் இருந்தது. கருங்கல் சுவர், கனமான தேக்குக் கதவு, கடலைப் பார்த்து ஒரு கம்பி ஜன்னல். உள்ளே தள்ளி வெளியே பூட்டினார்கள். வாசலில் துப்பாக்கியோடு ஒரு காவல்காரனை நிறுத்தி, கர்னலே வந்தாலும் உத்தரவு இல்லாமல் திறக்காதே என்று கட்டளையிட்டார்கள். கைதிகளுக்குக் கடல் பார்த்தல் இல்லை, ஓய்வுப் பரிசோதனை இல்லை, கைதட்டல் இல்லை. சாப்பாடு கதவிடுக்கு வழியாக வந்துவிடும்.

ஏஞ்சலம்மாள் பூட்டு விழுந்த சத்தத்தைக் கேட்டபடியே கதவருகில் நின்றாள். பிறகு கதவைத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை.

"யாரும் வரமாட்டாவளா?"

"கர்னலே வர முடியாதாம்" என்றான் தனசீலன்.

அவன் அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்த பதிலை அங்கேதான் சொன்னான். பெண் பார்க்கப் போன அன்று, வாசலில் கழற்றிப் போட்ட அவனுடைய புதுச் செருப்பை அவள் வீட்டு ஆடு நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. அவனே தைத்த செருப்பு. எழுந்து விரட்டினால் மரியாதையாக இருக்காது, சம்பந்தம் கெட்டுப்போகும். வேறு வழி தெரியாமல் சிரித்து வைத்தான். "ஊர் எல்ல தாண்டுறவரைக்கும் வெறுங்காலோட நடந்தேன் ஏளா" என்றான். தன்னைப் பார்த்துத்தான் சிரித்தானோ என்று ஒரு வருஷம் புழுங்கியிருந்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள். காவல்காரன், கைதிகள் சிரிக்கலாமா என்று விதியில் தேடச் சொல்லி ஆள் அனுப்பினான். விதி எதுவும் கிடைக்கவில்லை.

மறுநாள் மத்தியானம், இரண்டு வருஷமாக வராத பிரிகேடியர் வந்து இறங்கினார். அதற்குள் மணலை வாரி முடித்துவிட்டிருந்தார்கள். அவர் மணலைப் பார்க்கவில்லை. கடலையும் பார்க்கவில்லை. "கார்டு ரூம் எங்கே?" என்றுதான் முதலில் கேட்டார்.

"உள்ளே ஆள் இருக்கிறதா? ரொம்ப நல்லது. கார்டு ரூம் காலியாக இருந்தால் அந்த முகாமில் அதிகாரி தூங்குகிறார் என்று அர்த்தம். யார் உள்ளே இருக்கிறார்கள் என்பது முக்கியமல்ல" என்று கர்னலைத் தட்டிக்கொடுத்தார்.

கதவைத் திறந்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் எழுந்து நின்றார்கள். புகார் ஏதாவது உண்டா என்று பிரிகேடியர் கேட்டார். ஒரு குறையும் இல்லை என்றாள் ஏஞ்சலம்மாள். கைதிகளின் பணிவு பிரிகேடியரின் மனதைத் தொட்டது.

"என் வருகையை முன்னிட்டு இவர்களை மன்னிக்கிறேன். விடுதலை செய்யுங்கள். கொட்டடிக்கே திரும்பிப் போகட்டும்."

பிரம்மநாயகம் தயங்கித் தயங்கி இதைத் தமிழில் சொன்னார். ஏஞ்சலம்மாளின் முகம் வாடியது. அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான்.

"வேண்டாம்ணே" என்றாள். "தப்பு செஞ்சோம், தண்டன போட்டாவ. பாதியில விட்டா நாளைக்கு எங்களுக்கு எப்படிப் புத்தி வரும்? மிச்சத்தையும் முடிச்சுட்டுத்தான் வருவோம்னு சொல்லுங்க."

மொழிபெயர்ப்பைக் கேட்ட பிரிகேடியரின் முகம் சிவந்தது. அவருடைய முப்பது வருஷ சேவையில் அவருடைய மன்னிப்பை வேண்டாம் என்றவர் எவருமில்லை.

"மன்னிப்பும் ஒரு கட்டளைதான். அதை மறுத்தால் கட்டளையை மீறியதாகும். முகாமைவிட்டுப் போகிற நாள்வரை இவர்கள் இதற்குள்ளேயே கிடக்கட்டும். காவலை இரட்டிப்பாக்குங்கள். ஜன்னல் பக்கம்கூட ஒருவரும் போகக் கூடாது. யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. தனிமை என்றால் என்ன என்று அப்போதுதான் இவர்களுக்குப் புரியும்."

கதவைச் சாத்திப் பூட்டினார்கள். உத்தரவு முழுவதையும் பிரம்மநாயகம் கதவுக்கு வெளியே நின்று ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொன்னார். உள்ளேயிருந்து ஏஞ்சலம்மாளின் குரல் கேட்டது.

"அந்த ஐயாவும் அவிய பிள்ளைகளும் நல்லா இருக்கணும்னு நாங்க ரெண்டு பேரும் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுதோம்னு சொல்லுங்கண்ணே."

"என்ன சொல்கிறாள்?" என்று பிரிகேடியர் கேட்டார்.

பிரம்மநாயகம் குதிகாலைச் சேர்த்து விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

"ரொம்ப வேதனைப்படுகிறாள் சார்" என்றார்.